கழுவலில் போன இரண்டரை கிராம்

கவிதா அந்தப் பாட்டிலை மேஜைமேல் வைத்தபோது மூடியின் விளிம்பிலிருந்து துரு உதிர்ந்து செய்தித்தாளில் விழுந்தது. ஊறுகாய் வந்த பழைய கண்ணாடிப் பாட்டில். தகர மூடியில் மூன்று ஓட்டைகள். ஆணியால் போட்டவை இல்லை. உள்ளிருந்து அரித்தவை.

"மூக்குகிட்ட வச்சித் தொறக்காதீங்க சார். முந்தாநாளு தொறந்துட்டு எனக்கு நாள் பூரா தலவலி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து ஒரு வாரத்துக்கான மாத்திரைகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். காலை நான்கு, மதியம் ஒன்று, இரவு மூன்று. ஏழு நாளைக்கு ஐம்பத்தாறு. அவள் மணியடித்ததில் நாற்பத்தொன்றா நாற்பத்திரண்டா என்று குழம்பிப்போய், எரிச்சலோடுதான் கதவைத் திறந்தேன்.

கவிதாவுக்கு நாற்பது வயதிருக்கும். சுரங்க நகரியத்தில் ஒரு பள்ளியில் எழுத்தர் வேலை. அவள் அப்பா கலியமூர்த்தி பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் இருந்தவர். நான் அதே சுரங்கத்தின் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவன். எங்கள் இருவருக்கும் பேச்சு நின்று முப்பத்து மூன்று வருஷம்.

பாட்டிலுக்குள் ஒரு சிப்பி. அதுவும் ஒரு பாதிதான். உள்ளங்கை அகலத்தில், கல்லாகிப் போனது. முதுகில் பித்தளை நிறத்தில் மினுங்கும் ஒரு திட்டு. அதைச் சுற்றிக் கருநீலம். விளிம்பெல்லாம் வெளிர்பச்சையாக உப்புப் பூத்திருந்தது. அடியில் கிடந்த காகிதத் துண்டில் என்ன எழுதியிருந்ததோ, நடுப்பகுதி முழுக்கக் கருகிப் பொடியாகிவிட்டது. மூடியைத் தளர்த்தினேன். தீக்குச்சி கிழித்து அணைத்த வாசனை.

"முப்பத்து மூணு வருசமா அப்பா இத பீரோ மேல வச்சிகினு இருக்காரு. இப்ப அதுவா உதிருது. இந்த மழைக்கு அப்புறம் ஒண்ணும் மிஞ்சாது போல. அதுக்குள்ள நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லணும்."

அப்பா அனுப்பினாரா என்று கேட்டேன். இல்லையாம். அவருக்குத் தெரியாமல் எடுத்து வந்திருக்கிறாள். என் பெயரை எடுத்தாலே அவர் எழுந்து தெருவுக்குப் போய்விடுவாராம். அதை அவள் ஒளிக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

என்ன சொல்லவேண்டும் என்றேன்.

"இது சொரங்கத்துல எடுத்ததா, அரியலூர்லருந்து வந்ததா. அத மட்டும். எனக்கு இல்ல, எங்கம்மாவுக்கு. பொய் சொல்லிட்டு அரியலூருக்குப் போனவருதானன்னு இன்னிக்கு வரைக்கும் அப்பாவ சொல்லிகினு இருக்காங்க. அப்பாவுக்கு ஒடம்பு முன்ன மாதிரி இல்ல சார். அவரு இருக்கறப்பவே அம்மா ஒரு தடவ நம்பிட்டா போதும்."

அரியலூர் என்று முதலில் சொன்னது யார் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மேஜையின் மறுகோடியில், தாள்கள் பறக்காமலிருக்க நான் வைத்திருந்த வெள்ளைச் சிப்பியை அவள் பார்த்தாளா என்று தெரியவில்லை. நான் பார்த்தேன்.

பூச்சு பற்றிக் கொஞ்சம்

போன வாரம் இந்தப் பத்தியில் சாம்பலைப் பற்றி எழுதியதற்கு நான்கு கடிதங்கள் வந்தன. மூன்று, நான் மிகவும் சுற்றி வளைக்கிறேன் என்று கோபித்தவை. நான்காவதும் அதையேதான் சொன்னது, கொஞ்சம் மரியாதையாக. இந்த வாரமும் சுற்றித்தான் ஆகவேண்டும். முழங்கால் வலிக்காரன் நேர்வழியில் நடப்பதில்லை.

எங்கள் குளியலறை வாளியின் உட்புறத்தில் ஒரு வெள்ளை ஏடு படிந்திருக்கிறது. தண்ணீரில் இருக்கும் உப்பு. ஊர் மாறினால் அந்த ஏட்டின் நிறமும் மாறும். சிப்பியும் அப்படித்தான். உயிர் போன பிறகு அது எந்தச் சேற்றில் புதைகிறதோ, அந்தச் சேற்றின் தண்ணீர் எத்தனையோ காலம் அதன்மேல் எதையாவது பூசிக்கொண்டே இருக்கும். காற்றும் இரும்பும் உள்ள மண்ணென்றால் காவி. சில களிமண்ணில் கண்ணாடிச் சில்லு போல ஜிப்சம். சிப்பி எந்த இனம் என்பதை அதன் ஓடு சொல்லும். எங்கே கிடந்தது என்பதை அந்தப் பூச்சுதான் சொல்லும்.

ஒரு காலத்தில் கடலாக இருந்த அரியலூர்ப் பக்கம் இந்தக் கல் சிப்பிகள் பொறுக்கக் கிடைக்கும். என் காலத்தில் நகரியத்துக் குவார்ட்டர்ஸ்களில் பாதி வீடுகளின் ஷோகேஸில் தலையாட்டிப் பொம்மைக்குப் பக்கத்தில் ஒரு அரியலூர்ச் சிப்பி இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் புளியோதரை கட்டிக்கொண்டு போவோம். நான் பதினாறு தடவை போயிருக்கிறேன். கொண்டு வந்தது பத்தொன்பது சிப்பி. எடுக்கும்போது மஞ்சள் மண் அப்பியிருக்கும். பிரஷ் போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று வெளுத்துவிடும். அப்படி வெளுத்த பிறகுதான் ஷோகேஸில் ஏறும்.

எங்கள் சுரங்கத்தில் சிப்பி கிடையாது. இருந்ததெல்லாம் கரியும், களிமண்ணும், மணலும், எங்கிருந்தென்று தெரியாமல் பீறிடும் தண்ணீரும். கரிக்கு நடுவே அங்கங்கே பித்தளை நிறத்தில் ஒரு கட்டி மினுங்கும். இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. பெயர் மார்க்கசைட். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் அதைத் தங்கமென்று நினைத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போவார்கள். நானும் முடிந்துகொண்டு போனவன்தான். டிரங்குப் பெட்டியில் வேட்டிக்கு அடியில் ஒளித்து வைத்தேன். மூன்றாம் மழைக்காலத்தில் பெட்டியைத் திறந்தால் தங்கம் பச்சைப் பொடியாகி, வேட்டியில் ஒரு சாண் ஓட்டை. காற்றிலுள்ள ஈரம் பட்டால் அது அமிலமாகி, தன்னையும் தின்று பக்கத்தில் இருப்பதையும் தின்றுவிடும்.

கொதிகலனுக்கும் அதுதான் எதிரி. அதனால் பரிசோதனைக் கூடத்தில் எங்களுக்கு அந்த மினுக்கத்தைப் பார்த்தாலே ஒரு அருவருப்பு. சோற்றில் கல்லைப் பார்ப்பது போல.

நூற்றைந்து டிகிரி

முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன் ஒருநாள் கலியமூர்த்தி முதல் ஷிப்ட் முடிந்து நேராகக் கூடத்துக்கு வந்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, அதற்குள்ளிருந்து ஈரம் சொட்டச் சொட்ட அந்தப் பாதிச் சிப்பியை எடுத்து என் மேஜையில் வைத்தார். கன்வேயர் பெல்ட்டில் கரியோடு கரியாக வந்ததாம். இவர் கையில் எடுத்ததும் இரண்டாகப் பிளந்ததாம். ஒன்றைச் சாப்பாட்டு டப்பாவில் போட்டுக்கொண்டு மற்றதை எனக்குக் கொண்டு வந்திருக்கிறார்.

"கரிக்குள்ள கடல் சாமான் வருமா சார்?" என்று கேட்டார். முகமெல்லாம் சிரிப்பு. பத்தாவது வரை படித்தவர். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பம். அவர்கள் வயல் இருந்த இடத்துக்கு அடியிலிருந்துதான் அப்போது கரி வந்துகொண்டிருந்தது. அதனால் அந்தச் சிப்பிமேல் அவருக்கு ஒரு சொந்தம் இருந்தது.

வராது என்றேன். பார்க்காமலே சொன்னேன்.

என் மேஜைக்கு வருவது எதுவானாலும் ஒரே வரிசைதான். எடை போடு, கழுவு, உலர்த்து, மறுபடி எடை போடு, அரை, எரி. கரிக்கு அது சரியான வரிசை. அன்று என்முன் இருந்தது கரி இல்லை. ஆனால் கை பழகிவிட்டது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். பித்தளை மினுக்கம் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் கலந்த அமிலத்தில் முக்கி எடுத்து மறுபடி தேய்த்தேன். பள்ளங்களில் வெளிறிய மாவு போல ஏதோ இருந்தது. களிமண் என்று அதையும் சுரண்டினேன். தொட்டித் தண்ணீர் கலங்கி, அடியில் பொன்துகள் படிந்தது. குழாயைத் திறந்துவிட்டேன். பிறகு சிப்பியை நூற்றைந்து டிகிரி அடுப்பில் ஒரு மணி நேரம்.

வெளியே எடுத்தபோது வெள்ளை வெளேரென்று, என் ஷோகேஸில் இருந்த பத்தொன்பதுக்கும் கூடப்பிறந்தது போல இருந்தது. ஒரு சொட்டு அமிலம் விட்டேன். பொங்கியது. சுண்ணாம்பு.

அறிக்கையில் எழுதினேன்: "சுண்ணாம்புச் சிப்பி. சுரங்கப் படிவத்தைச் சேர்ந்ததல்ல. அரியலூர்ப் பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்டது."

எட்டே சொற்கள். கடைசிச் சொல்லை என்னிடம் யாரும் கேட்கவில்லை.

தாய்மாமன் மடி

அந்த எட்டுச் சொற்கள் எங்கெல்லாம் போயின என்பதை அந்த ஞாயிற்றுக்கிழமை கவிதா சொல்லித்தான் முழுசாகத் தெரிந்துகொண்டேன்.

பாதி எனக்குத் தெரியும். கலியமூர்த்தி ஷிப்ட் பஸ்ஸில் கால் வைத்ததும் பின்சீட்டிலிருந்து ஒருவன் கண்டக்டர் குரலில் "அரியலூரெல்லாம் முன்னால ஏறு" என்பான். பஸ் முழுக்கச் சிரிக்கும். நானும் இரண்டு தடவை சிரித்திருக்கிறேன். அவர் ஒருநாள் கூடத்து வாசலில் வந்து நின்று என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போனார். அதுதான் கடைசி.

மீதிப் பாதி இது. அவருக்கு ஒரே தங்கை, அஞ்சலை. அரியலூருக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அஞ்சலையின் முதல் குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்தவேண்டும். இவர் இரவு ஷிப்ட் முடிந்து, பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் நல்ல நேரம் போகிறது என்று அந்த வீட்டார் வேறு யாரோ ஒரு மாமன் முறைக்காரர் மடியில் வைத்துக் குத்திவிட்டார்கள். முந்தின நாளே போயிருந்த இவர் மனைவி தனலட்சுமி, சீர்த்தட்டோடு அத்தனை பேர் நடுவில் நின்றிருக்கிறார். யாரும் தட்டை வாங்கிக்கொள்ளக்கூட வரவில்லை.

திரும்பி வந்ததும் தனலட்சுமி ஒரே பிடி. இனி அந்த வாசல்படியை இருவரும் மிதிப்பதில்லை. கலியமூர்த்தி சூடம் ஏற்றி, கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்து கொடுத்தார். ஆறு மாதம் கழித்து ஒரு வாரத்தில் இரண்டு நாள் டபுள் டூட்டி பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அதே வாரம்தான் சிப்பி. அதே வாரம்தான் என் அறிக்கை.

சுரங்கத்தில் இருக்கும் படித்த ஆளே சொல்லிவிட்டார், சிப்பி அரியலூரிலிருந்து வந்தது என்று. அப்படியானால் டபுள் டூட்டி? தனலட்சுமி கணக்குப் போட்டதில் பிசகில்லை. நான் கொடுத்த எண்தான் தப்பு.

பிறகு பாட்டிலில் இருந்த பாதி கொஞ்சம் கொஞ்சமாக நீலமானது. அதற்கும் ஏச்சு. தங்கச்சி வீட்டுக்குப் போனதை மறைக்கச் சிப்பிக்குத் துணி நீலம் போட்டு வைத்திருக்கிறார் என்று.

"அத்தை செத்து எட்டு வருசம் ஆவுது சார்" என்றாள் கவிதா. "பொறந்த வூட்டுக் கோடி அண்ணன்தான கொண்டு போவணும். அப்பா பொடவ எடுத்துகினு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனாரு. அங்க பெரியப்பா மவன் கையில குடுத்து அனுப்பிட்டு வூட்டுக்கு வந்துட்டாரு. ஏம்பா போவலன்னு கேட்டேன். போனா, அன்னிக்கும் போயிருப்பேன்னு ஆயிடுமேன்னாரு."

போகாமல் இருப்பது ஒன்றுதான் அந்த மனிதரிடம் இருந்த சாட்சி.

நான் மாத்திரைகளை டப்பாவில் அள்ளிப் போட்டேன். எண்ணவில்லை. பாட்டிலை வைத்துவிட்டுப் போ, பத்து நாள் கொடு என்றேன்.

டீத்தண்ணி, நீலம், ஒரு துணுக்கு

கூடம் இருந்த காலத்தில் இது ஒரு மதிய வேலை. இப்போது என்னிடம் இருப்பது ஒரு பூதக்கண்ணாடி, ஒரு சின்னத் தராசு, சமையலறை. கண்ணும் ஒன்றுதான் ஒழுங்கு. பத்து நாளில் நான்கு நாள் எழுந்து உட்காரவே மனசில்லை. தப்பாக எழுதியது நான்தான் என்று தெரிந்துகொள்ளப் போகிறவனுக்கு என்ன அவசரம்?

முதலில் பச்சை உப்பு. கடுகளவு எடுத்து, பால் விடாத டீத்தண்ணியில் போட்டேன். தண்ணீர் மை போலக் கறுத்தது. அன்னபேதி. இரும்பும் கந்தகமும் காற்றில் கெட்டால் வருவது. அப்படியென்றால் பித்தளைத் திட்டு மார்க்கசைட்தான். ஒரு பீங்கான் தரை ஓட்டின் மெருகில்லாத பின்பக்கத்தில் அதைக் கோடிழுத்துப் பார்த்தேன். பொன்னாக இல்லாமல் கருங்கோடு விழுந்தது. அதுவும் சரி.

அடுத்தது நீலம். ஒரு ஸ்பூனில் இரண்டு சிட்டிகை வைத்தேன். ஒன்று கடையில் வாங்கிய துணி நீலப்பொடி, மற்றது சிப்பியிலிருந்து சுரண்டியது. அடுப்பில் காட்டினேன். கடை நீலம் நீலமாகவே இருந்தது. சிப்பி நீலம் பழுப்பாகிவிட்டது. "மாமா, அது நான் காபி கலக்கற ஸ்பூன்" என்று மருமகள் சொன்னதற்குப் பதில் சொல்லாமல் இன்னொரு தடவை செய்து பார்த்தேன். அதே பழுப்பு.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அதை உறுதி செய்ய என்னிடம் மருந்து இல்லை. பக்கத்து ஊர் மண் பரிசோதனை நிலையத்தில் ஒருவர் தெரிந்தவர். ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் போன் செய்தார். "பாஸ்பரஸ் ஏகத்துக்கு இருக்கு சார். எந்த வயல் மண்ணு இது? உரமே போட வேண்டாம்."

இரும்பும் பாஸ்பரஸும். விவியனைட் என்று அதற்குப் பெயர். காற்றுப் புகாத, அழுகல் நிறைந்த, ஈரமான கறுப்புச் சேற்றில் உண்டாவது. மண்ணுக்குள் இருக்கும்வரை அதற்கு நிறமே கிடையாது, வெளிறிய மாவு போல இருக்கும். வெளியே எடுத்து வெளிச்சமும் காற்றும் பட்டால் மெல்ல மெல்ல நீலமாகும். கலியமூர்த்தி நீலம் போடவில்லை. பீரோமேல் வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். அதுவே நீலமானது.

வெளிறிய மாவு. அதை நான் களிமண் என்று சுரண்டிப் போட்டது நினைவுக்கு வந்தது.

என் பத்தொன்பதையும் இறக்கி வைத்துப் பார்த்தேன். பள்ளங்களில் மிச்சமிருந்ததெல்லாம் மஞ்சளும் காவியும்தான். ஒன்றில்கூடப் பித்தளையோ நீலமோ இல்லை. ஆனால் அரியலூர் மண்ணில் எந்த மூலையிலும் இப்படி வராது என்று அடித்துச் சொல்ல நான் யார்? முன்பு ஒரு தடவை அப்படிச் சொன்னவன்தானே.

ஒன்பதாம் நாள் பகலில், ஜன்னல் ஓரத்தில் பூதக்கண்ணாடியோடு சிப்பியின் வரிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்தாறு வரிகள். பதினேழாவதில் பித்தளைப் பூச்சு ஒரு அரிசி நீளத்துக்குப் புடைத்திருந்தது. ஊசியால் நெம்பினேன். பூச்சு ஏடாகப் பெயர்ந்தது. அடியில் ஒரு கரித்துணுக்கு.

வெளியே ஒட்டிய கரி என்றால் பிறகு எப்போதாவது ஒட்டியிருக்கலாம். இது பூச்சுக்கு உள்ளே இருந்தது. கரி முதலில், பூச்சு அதன்மேல். அந்தச் சிப்பி கரியோடு கிடந்தபோதுதான் அந்தப் பூச்சு படிந்திருக்கிறது.

துணுக்கை இரண்டாக உடைத்து ஒரு பாதியைத் தீயில் காட்டினேன். மூக்கு அந்தக் கரிப் புகையை மறக்கவில்லை. மறு பாதியை மாத்திரை அட்டையின் ஒரு காலிக் குழியில் பத்திரப்படுத்தினேன்.

பிறகு செய்ய வேண்டியதைச் செய்தேன். மேஜையின் மறுகோடியிலிருந்த வெள்ளைப் பாதியைக் கொண்டுவந்து நீலப் பாதியோடு சேர்த்தேன். ஓய்வுபெற்ற அன்று யாரும் கேட்காததால் இரண்டு பேனாவோடு வீட்டுக்கு வந்துவிட்ட பாதி அது. கீல் இருக்கும் இடத்தில் பல்லும் பள்ளமும் சரியாக உட்கார்ந்தன. ஒரு பக்கம் கழுவிய கோப்பை, மறுபக்கம் சாக்கடையிலிருந்து எடுத்தது போல. ஒரே சிப்பி.

அந்தக் காலத்துப் பாக்கெட் டைரிகள் எல்லாம் என்னிடம் உண்டு. தேடி எடுத்தேன். எண் எழுதாமல் எனக்கு எந்த நாளும் முடிந்ததில்லை. கழுவுவதற்கு முன் 61.4 கிராம். உலர்த்திய பின் 58.9. வித்தியாசம் இரண்டரை கிராம். பக்கத்தில் என் கையெழுத்தில் "அழுக்கு" என்று இருந்தது.

குறிஞ்சிப்பாடியில்

வடலூரில் பஸ் மாறிப் போனேன். கவிதா குறிஞ்சிப்பாடி நிறுத்தத்தில் காத்திருந்தாள். தறிச் சத்தம் கேட்கும் ஒரு தெருவில் ஓட்டு வீடு. அவள் வேகமாக நடந்தாள், நான் முந்நூற்றுப் பன்னிரண்டு அடி எடுத்து வைத்தேன். நடுவில் இரண்டு தடவை நின்றேன்.

கலியமூர்த்தி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடி. ஆள் பாதியாகியிருந்தார். என் குரல் கேட்டதும் எழப் பார்த்தார். கவிதா தோளில் கை வைத்து உட்கார வைத்தாள். தனலட்சுமி தரையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. நானே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

வழி நெடுக ஒத்திகை பார்த்து வைத்திருந்தது எதுவும் வரவில்லை. நான் எழுதியது தப்பு, சிப்பி சுரங்கத்தில் எடுத்ததுதான் என்று சொன்னேன். இரண்டு பாதியையும் எடுத்து நாற்காலியின் கைப்பிடிமேல் சேர்த்து வைத்தேன். டீத்தண்ணி, ஸ்பூன், மண் பரிசோதனை எல்லாவற்றையும் சொன்னேன். நீலத்தைப் பற்றிச் சொன்னபோது தனலட்சுமியின் கை ஒரு கணம் நின்று, மறுபடி கீரையை உருவியது.

கலியமூர்த்தி வெள்ளைப் பாதியைத் தடவிப் பார்த்தார். விரல் அதன்மேல் வழுக்கிக்கொண்டே போனது.

"நான் மண்ணோடதான சார் குடுத்தேன்" என்றார்.

ஆமாம் என்றேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை.

தனலட்சுமிதான் கேட்டார். தலையை நிமிர்த்தாமல்.

"அன்னிக்கு அரியலூருன்னு எழுதுன ஆளும் நீங்கதான். இன்னிக்கு இல்லன்னு சொல்ற ஆளும் நீங்கதான். நாங்க எத்த நம்பறது சார்?"

நியாயமான கேள்வி. என்னை நம்ப வேண்டாம் என்றேன். இத்தனை வருஷமாக எந்த அடுப்பில் சமைத்தீர்கள் என்று கேட்டேன். கேஸ் வருவதற்கு முன் கரியடுப்புதான். அந்தப் பக்கத்து ஊர்களில் எல்லாருக்கும் அதுதான். பதினைந்து, இருபது வருஷம் அந்தப் புகையில் நின்றவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

மாத்திரை அட்டையிலிருந்து துணுக்கை எடுத்தேன். சிப்பியின் பூச்சுக்கு அடியில் அது இருந்த பள்ளத்தைக் காட்டினேன். தனலட்சுமி உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்து விரல் நுனியால் அந்தப் பள்ளத்தைத் தொட்டுப் பார்த்தார். கவிதா ஒரு இடுக்கியும் தீப்பெட்டியும் கொண்டு வந்தாள். துணுக்கு புகைந்தது. ஒரு நூலளவு புகை. ஈரவைக்கோலும் கந்தகமும் கலந்த அந்த வாசனை.

தனலட்சுமி முகத்தைக் கிட்டே கொண்டு வந்தார். ஒரு தடவை முகர்ந்தார். இன்னொரு தடவை.

"நம்ப கரிதான்" என்றார்.

தறி ஓடிக்கொண்டிருந்தது. கவிதா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அங்கே ஒன்றும் தெரியவில்லை. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் அவளைப் போலவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப அஞ்சலைக்கு நீயே உன் கையால கோடி போட்டிருக்கலாமேய்யா" என்றார் தனலட்சுமி.

கலியமூர்த்தி வெள்ளைப் பாதியை எடுத்து நீலப் பாதிமேல் கவிழ்த்தார்.

"நான்தான வுடல. பொய் சொல்ற ஆளாச்சேன்னு, எம்மேல தப்பு இல்லன்னு இருந்துட்டேன்." பிறகு என்னைப் பார்த்தார். வந்ததிலிருந்து அப்போதுதான் நேராகப் பார்த்தார். "உங்க எழுத்த நம்பித்தான் சார்."

அதில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒரு பொருளை யாரிடமிருந்து வாங்கினோம் என்று சொல்வது போலச் சொன்னார்.

நான் மன்னிப்புக் கேட்டேனா என்று இப்போது யோசித்தால் ஞாபகமில்லை. வாயைத் திறந்தது ஞாபகமிருக்கிறது. தனலட்சுமி அதற்குள் முறத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அஞ்சலைக்கு மூன்று பிள்ளைகளாம். மூத்தது அந்தக் காதுகுத்துக் குழந்தை. அதற்கே இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நாளைக்கே போகலாம் என்றார். அஞ்சலை படத்துக்காவது ஒரு புடவை வைத்துக் கும்பிட்டுவிட்டு வரலாம்.

"எந்த பஸ்ஸுல போவணும்?" என்று கணவரிடம் கேட்டார்.

கலியமூர்த்தி கண்ணாடியைக் கழற்றினார். "அப்பல்லாம் ஒரு தனியார் பஸ்ஸு நேரா போவும். இப்ப எது போவுதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? நான் எங்க போனேன்?"

விருத்தாசலம் போய் ரயில் மாறினால் சுலபம் என்று, பதினாறு தடவை போன நான்தான் சொன்னேன்.